கூரையில் கண்ணாடி போடும் முன்...



போன மாதம் செம்பரம்பாக்கம் பக்கத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். தீர்மான நோட்டில் கையெழுத்து எல்லாம் முடிந்த பிறகு ஒரு தங்கச்சி எழுந்து, "அக்கா, எனக்கு உள்கடன் வேணும். கூரையில வெளிச்சத்துக்கு ஃபைபர் ஷீட் போடப் போறேன்" என்று கேட்டாள். அவளுக்கு மூன்று அறைகள் கொண்ட லைன் வீடு இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளுக்கு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடுகிறாள். மூன்றுக்கும் சிமெண்ட் ஷீட் கூரைதான். ஒரு பக்கம் அடுத்த வீட்டுச் சுவர், மறுபக்கம் கதவு. ஜன்னல் என்று பேருக்கு ஒரு ஓட்டை. பகல் பன்னிரண்டு மணிக்கும் டியூப் லைட் போட்டால்தான் சோற்றில் கல் தெரியும்.

ஊக்குநர் அக்கா கேட்டார்: "எவ்வளவு பெரிசா போடப் போறே?" அதற்கு அவள், "கடைக்காரர் ரூமுக்கு ஒரு முழு ஷீட் போடச் சொன்னாரு. கரண்ட் பில்லு பாதியாயிடுமாம்" என்றாள். உடனே கூட்டத்தில் ஆளுக்கு ஒன்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தர் "நல்லதுதானே" என்றார். இன்னொருத்தர் "எங்க நாத்தனார் வீட்டுல போட்டு வெயில் காலத்துல உள்ள இருக்க முடியல" என்றார். மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா, "எங்க தெருவுல ஒரு பையன் பட்டத்தை எடுக்க ஏறி அது வழியா உள்ள விழுந்துட்டான்" என்றார். எல்லோரும் அமைதியாகிவிட்டோம்.

அந்தப் பேச்சில் இருந்து வந்ததுதான் இந்த மாதப் பாடம். கடன் வாங்கி ஒரு காரியம் செய்யும்போது அது நமக்கு லாபமா, சுமையா என்று பார்க்கக் கற்றுக்கொண்டவர்கள் நாம். கூரையில் கை வைப்பதற்கும் அதே கணக்குதான்.

முதலில் கரண்ட் பில் கணக்கைப் போட்டுவிடுவோம். 9 வாட் எல்இடி பல்பு ஒன்று பகலில் 8 மணி நேரம் எரிந்தால், ஒரு நாளுக்கு 72 வாட் மணி. இரண்டு மாதத்துக்கு, அதாவது 60 நாளுக்கு, சுமார் நாலரை யூனிட். இரண்டு பல்பு என்றால் ஒன்பது யூனிட். 2016-ல் இருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகத் தருகிறார்கள். ஆக, பில்லில் பாதி குறையும் என்பது விற்கிறவர் பேச்சு. பழைய குண்டு பல்பு காலத்தில் சொன்னதை இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கரண்ட் மிச்சம் பிடிக்க மட்டும் கூரையைத் திறக்க நினைத்தால் வேண்டாம். தையல் போடுகிறவர் கண்ணுக்கு, பிள்ளைகள் படிப்புக்கு, கரண்ட் போன பகலுக்கு, அடுப்படிப் புகைக்கு, ஈரம் காயாத மூலைக்கு என்றால் அது நியாயமான காரணம்.

சரி, எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். உச்சி வெயிலின் வெளிச்சம் நாம் நினைப்பதை விட மிக அதிகம். மங்களூர் ஓடு அளவில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு போட்டால், நேர் வெயிலில் அது தோராயமாக ஐந்து 9 வாட் எல்இடி பல்புக்குச் சமமான வெளிச்சத்தை உள்ளே தரும். மேகம் மூடிய நாளில் அதே ஓடு அரை பல்பு அளவுதான் தரும். அதனால் பத்துக்குப் பத்து அறைக்கு இரண்டு ஓடு, மிஞ்சினால் மூன்று. நம் பாட்டிமார் வீட்டில் அடுப்படிக்கு மேல் ஒன்று, நடுவீட்டில் ஒன்று என்றுதான் இருக்கும். அவர்கள் கணக்குப் பார்த்து வைத்தார்களோ, காசு இல்லாமல் வைத்தார்களோ, சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

இப்போது அந்தத் தங்கச்சியின் முழு ஷீட்டுக்கு வருவோம். மூன்றரை அடி அகலம், எட்டு அடி நீளம் என்றால் 28 சதுர அடி. உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் சூட்டைக் கொட்டுகிறது. 28 சதுர அடி என்பது இரண்டரை சதுர மீட்டருக்கு மேல். அதில் முக்கால் பங்கு உள்ளே இறங்கினாலும் ஏறக்குறைய 1900 வாட். அதாவது, இரண்டு இஸ்திரிப் பெட்டியை ஆன் செய்து பூட்டிய அறைக்குள் வைத்த மாதிரி. நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்க வரும் பிள்ளை அந்த அறையில் எப்படித் தூங்கும்? இரண்டு மாதத்தில் காலி செய்துவிட்டுப் போய்விடும். கடன் தவணை மட்டும் நிற்கும்.

"வடக்குப் பக்கம் வச்சா வெயில் வராது" என்று சில மேஸ்திரிகள் சொல்வார்கள். குளிர் நாடுகளில் அது உண்மை. நம்ம ஊருக்கு அது பாதிதான் உண்மை. சென்னைச் சுற்று வட்டாரத்தில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. இடைப்பட்ட மே, ஜூன், ஜூலை மாதங்களில் அது உச்சியில் இருந்து கொஞ்சம் வடக்கே தள்ளியிருக்கும். அக்னி நட்சத்திரத்தில் வடக்குச் சரிவும் காயும், தெற்குச் சரிவும் காயும். எனவே சரிவுக் கூரையில் திசையை மாற்றித் தப்பிக்க முடியாது, அளவைக் குறைத்துத்தான் தப்பிக்க வேண்டும். மேற்குச் சரிவை மட்டும் கட்டாயம் விட்டுவிடுங்கள். ஏற்கனவே சுவர், கூரை எல்லாம் கொதித்துக் கிடக்கும் மூன்று மணிக்கு அந்த வெயில் நேராக உள்ளே வரும்.

இன்னொரு விஷயம். தை, மாசியில் போட்டுப் பார்த்தால் எல்லாமே அழகாக இருக்கும். காற்றும் நன்றாக இருக்கும், வெளிச்சமும் இதமாக இருக்கும். சித்திரையில்தான் சங்கதி தெரியும். அதனால் சோதனையை வெயில் காலத்தில் செய்யுங்கள், வேலையை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் முடியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கூரையைப் பிரிக்கவே கூடாது.

சோதனை என்றால் பெரிய வேலை இல்லை. ஓட்டு வீடு என்றால் நினைத்த இடத்தில் ஒரு ஓட்டை மட்டும் நகர்த்தி வைத்துவிட்டு, காலை 10, பகல் 12, 2, மாலை 4 என்று நான்கு நேரம் தரையில் விழும் வெயிலைச் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். அந்த வட்டங்களுக்குள் என்னென்ன வருகிறது என்று பாருங்கள். குழந்தையின் தூளி இருக்கிறதா? அரிசி டின், மருந்து, சாமி படம் இருக்கிறதா? தையல் மெஷின் ஊசிக்கு நேராக வெயில் விழுந்தால் கண் கூசும், தையலே போட முடியாது, துணியும் வெளுத்துப் போகும். வெளிச்சம் மெஷினுக்குப் பக்கவாட்டில் இருக்கும் சுவரில் விழட்டும். அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்தால் அறை முழுக்கப் பரவும். உண்மையில் சில வீடுகளில் சுவருக்கு வெள்ளை அடித்தாலே பாதி இருட்டு போய்விடுகிறது. கூரையைத் தொடும் முன் அந்த ஒரு செலவை முதலில் செய்து பாருங்கள்.

இனி எந்தக் கூரைக்கு என்ன என்று பார்ப்போம்.

ஓட்டுக் கூரைதான் எல்லாவற்றிலும் சுலபம். 1865-ல் மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் ஆரம்பித்த தொழிற்சாலையில் இருந்து பரவிய அந்த ஓட்டுக்கு, அதே அச்சில் கண்ணாடி ஓடும் கிடைக்கிறது. ஒரு ஓட்டை எடுத்துவிட்டு அதை வைத்தால் முடிந்தது. உங்கள் ஓட்டில் ஒன்றைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். கம்பெனிக்குக் கம்பெனி பள்ளம் கொஞ்சம் மாறும், பொருந்தவில்லை என்றால் ஒழுகும். நாட்டு ஓட்டுக்குத் தனி அச்சு இல்லை. கண்ணாடித் துண்டைச் செருகுவார்கள். மேல் ஓடு கண்ணாடியின் மேலும், கண்ணாடி கீழ் ஓட்டின் மேலும் ஏறி நிற்க வேண்டும். தென்னை மரத்தடியில் இருக்கும் வீடு என்றால் இந்த ஆசையே வேண்டாம், ஒரு நெற்று விழுந்தால் போதும்.

சிமெண்ட் ஷீட் கூரைக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். நம் பகுதி லைன் வீடுகளில் பெரும்பாலும் இதுதான். இதில் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருக்கிறது. ஷீட் முழுசாகக் கிடக்கும்போது நார் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும். அறுக்கும்போதும், துளை போடும்போதும், உடைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத தூசியாகக் கிளம்பி நுரையீரலில் போய்த் தங்கும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இருபது, முப்பது வருடம் கழித்து வரும் நோய் என்பதால் யாரும் இன்றைய தூசியோடு அதைச் சேர்த்துப் பார்ப்பதில்லை. ஆகவே ஷீட்டை மெஷின் வைத்து சதுரமாக அறுத்து அதில் கண்ணாடி பொருத்துகிறேன் என்று யார் வந்தாலும் அனுமதிக்காதீர்கள். பிள்ளைகள் கீழே விளையாடிக்கொண்டிருக்கும்போது மேலே அறுப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

"பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் கூரையில் செருகினால் பல்பு மாதிரி எரியும்" என்று டிவியில் காட்டுவதைச் சிலர் கேட்டார்கள். அது உண்மைதான். 2002-ல் பிரேசில் நாட்டில் அல்ஃப்ரெடோ மோசர் என்ற மெக்கானிக், அடிக்கடி கரண்ட் போன காலத்தில் கண்டுபிடித்தது. தண்ணீரில் பாசி பிடிக்காமல் இருக்க இரண்டு மூடி பிளீச்சிங் திரவம் சேர்த்தார். 2011-க்குப் பிறகு பிலிப்பைன்ஸில் ஆயிரக்கணக்கான வீடுகளில் வைத்தார்கள். தகரக் கூரைக்கு நல்ல யோசனை. வெயில் படும் அளவு கொஞ்சம்தான், அதனால் சூடும் அதிகம் இறங்காது. ஆனால் சிமெண்ட் ஷீட்டில் வட்டமாகத் துளை போட வேண்டுமே! அதே தூசிதான். தகரக் கூரை உள்ளவர்கள் மட்டும் யோசிக்கலாம். பாட்டிலைச் சுற்றி ஒழுகாமல் பூசுவதில்தான் எல்லாம் இருக்கிறது.

சிமெண்ட் ஷீட் வீட்டுக்குச் சரியான வழி, அறுக்காமல் ஒரு முழு ஷீட்டைக் கழற்றி மாற்றுவது. முழுவதும் ஃபைபராக மாற்றினால் இஸ்திரிப் பெட்டிக் கதை ஆகிவிடும் என்று பார்த்தோம். எனவே கழற்றிய இடத்தில் மேலே நீளம் குறைந்த சிமெண்ட் ஷீட், கீழே சுவர் ஓரமாக ஒரு சின்ன ஃபைபர் ஷீட் என்று இரண்டாகப் போடச் சொல்லுங்கள். குறைந்த நீளத்திலும் ஷீட் கடையில் கிடைக்கும், ஃபைபரை வேண்டிய அளவுக்கு வெட்டித் தருவார்கள். மேல் ஷீட் கீழ் ஷீட்டின் மேல் அரை அடி ஏறி இருக்க வேண்டும். அந்த ஒட்டு கட்டாயம் ஒரு பைப் அல்லது சட்டத்தின் மேல் உட்கார வேண்டும். அங்கே சட்டம் இல்லை என்றால் ஒன்று புதிதாகப் போடுங்கள். வளைவு அச்சும் பழைய ஷீட்டோடு ஒத்துப் போக வேண்டும்.

ஃபைபரில் கண்ணாடி மாதிரி தெளிவாக இருப்பதை வாங்காதீர்கள். பால் நிறத்தில் இருப்பதை வாங்குங்கள், வெளிச்சம் பரவும், கண் கூசாது. பாலிகார்பனேட் ஷீட் என்றால் ஒரு பக்கம் வெயில் தாங்கும் பூச்சு இருக்கும், அந்தப் பக்கத்தை ஸ்டிக்கரில் எழுதியிருப்பார்கள். அது வானத்தைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் சீக்கிரமே மஞ்சளாகி வெடிக்கும். ஆட்கள் ஸ்டிக்கரை முதலில் கிழித்துப் போட்டுவிடுவார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். பில்லும் உத்தரவாத அட்டையும் வாங்கி வையுங்கள்.

பழைய ஷீட்டைக் கழற்றும்போது தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டு, போல்ட்டை எடுத்து, உடைக்காமல் இறக்க வேண்டும். கைக்குட்டை கட்டினால் போதாது, நுண்ணிய தூசியைத் தடுக்கும் சரியான மாஸ்க் வேண்டும். விழுந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். துணியைக் கவரில் கட்டி எறிந்துவிடுங்கள்.

நம்ம ஊர் மழையையும் காற்றையும் மறந்துவிட்டுக் கூரையைப் பற்றிப் பேச முடியாது. 2015 டிசம்பர் 2-ம் தேதி காலை வரையான 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் பதிவானது 47 சென்டிமீட்டர் மழை. அன்றைக்கு ஏரியைப் பற்றித்தான் நாடே பேசியது. நாமோ வீட்டுக்குள் எத்தனை குண்டான் வைத்து ஒழுகலைப் பிடித்தோம் என்று நமக்குத்தான் தெரியும். அடுத்த வருடம் டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயலில் ஷீட்டுகள் காகிதம் மாதிரி பறந்தன. ஃபைபர் ஷீட் சிமெண்ட் ஷீட்டை விட எடை குறைவு, காற்று அதைத்தான் முதலில் தூக்கும். அதனால் மற்ற ஷீட்டுக்குப் போடுவதை விட அதிக போல்ட், ஒவ்வொன்றுக்கும் தார் வாஷர். வடகிழக்குப் பருவமழை அடிக்கும் பக்கம் பார்த்துப் பக்க ஒட்டு திறந்திருக்கக் கூடாது.

கான்கிரீட் வீட்டுக்காரர்களுக்கு ஒரே வார்த்தை: கட்டி முடித்த தளத்தை உடைக்காதீர்கள். உள்ளே ஓடும் கம்பியை அறுத்தால் தளத்தின் பலமே போய்விடும், விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கி மீதிக் கம்பியும் துருப்பிடிக்கும். கலைஞரின் கனவு இல்லம், பிரதமர் வீடு கட்டும் திட்டம் போன்றவற்றில் இப்போது வீடு கட்டுகிறவர்களுக்கு வாய்ப்பு இருக்கிறது. சென்ட்ரிங் அடிக்கும் முன்பே ஒன்றிய ஓவர்சியரிடம் கேட்டு, திறப்பு விட வேண்டிய இடத்தைச் சுற்றிக் கூடுதல் கம்பி போடச் சொல்லுங்கள். மேலே சுற்றிலும் முக்கால் அடி கட்டை எழுப்பினால் மழைத் தண்ணீர் உள்ளே வராது. என்னைக் கேட்டால், கூரைக்குப் போகும் முன் சுவரின் உச்சியில், சன்ஷேடுக்குக் கீழே, ஒரு வென்டிலேட்டர் வைக்க இடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். நேர் வெயில் வராது, சூடான காற்று வெளியே போகும், மழைக்கும் பயம் இல்லை.

காற்று விஷயத்தில் குஜராத் பெண்கள் நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். அகமதாபாத்தில் 1994-ல் சேவா அமைப்பின் பெண்கள் சேர்ந்து வீட்டு வசதிக்காகவே ஒரு அறக்கட்டளை ஆரம்பித்தார்கள். மகிளா ஹவுசிங் ட்ரஸ்ட் என்று பெயர். தகரமும் சிமெண்ட் ஷீட்டும் போட்ட குடிசைப் பகுதி வீடுகளில் வெளிச்சமும் காற்றும் சேர்ந்து வரும் கூரைத் திறப்பு, கூரைக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு என்று செய்து வருகிறார்கள். வீட்டுக்கு வீடு போய் எங்கே கரண்ட் வீணாகிறது, எங்கே வெப்பம் தங்குகிறது என்று கணக்கெடுக்கவும் நம்மைப் போன்ற பெண்களுக்கே பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். வெளிச்சம் மட்டும் உள்ளே வந்து காற்று வெளியே போகாவிட்டால் வீடு சுடுகஞ்சிப் பானையாகிவிடும் என்பதுதான் அவர்களிடம் கற்க வேண்டியது.

கடைசியாக, அந்தப் பெரியம்மா சொன்ன பையன். இதை மட்டும் யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபைபர் ஷீட் புதிதாக இருக்கும்போதே ஆள் எடையைத் தாங்கும் பொருள் இல்லை. சில வருடம் வெயில் பட்டால் அப்பளம் மாதிரி ஆகிவிடும். சிமெண்ட் ஷீட்டும் பழசானால் அப்படித்தான். அதன் மேல் தூசியும் இலையும் படிந்தால் எது சிமெண்ட், எது ஃபைபர் என்று மேலே நிற்பவருக்குத் தெரியாது. வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று கூரை முழுக்க வெள்ளைப் பெயிண்ட் அடித்துவிட்டால் சுத்தமாகத் தெரியாது. கம்பெனி ஷெட்டுகளிலும் வெளிச்சத்துக்கு இடையிடையே இப்படிப்பட்ட ஷீட்தான் போடுகிறார்கள். 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே வேலை செய்யும் இடத்தின் கூரைக் கண்ணாடிகளை உள்ளும் புறமும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அதைத் துடைக்க ஏறுகிறவர்கள், ஒழுகல் அடைக்க ஏறுகிறவர்கள் நம் வீட்டு ஆண்களும் பிள்ளைகளும்தான். காண்ட்ராக்டில் கூரை வேலைக்குப் போகிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், பெல்ட் கொடுக்கிறார்களா, மிதித்து நிற்கப் பலகை போடுகிறார்களா என்று இன்று இரவே கேளுங்கள்.

நம் வீட்டில் செய்யக்கூடியது: ஃபைபர் ஷீட்டுக்குக் கீழே வெல்டு மெஷ் கம்பி வலை அடித்துவிடுங்கள். விழுகிறவரைத் தாங்கும், திருடனையும் தடுக்கும். ஷீட்டின் ஓரம் சுற்றிலும் சிவப்புப் பெயிண்டால் கோடு போடுங்கள். வடகம், மிளகாய் காய வைக்க ஷீட் மேல் ஏறாதீர்கள். ஏறியே ஆக வேண்டும் என்றால் இரண்டு சட்டத்துக்கும் எட்டும் நீளமான பலகை போட்டு அதன் மேல் மட்டும் நகர வேண்டும். வாடகைக்கு இருக்கும் பிள்ளைகள் பந்து எடுக்கவும், டிஷ் திருப்பவும் ஏறுவார்கள். அவர்கள் பாஷையில் சொல்லத் தெரியாவிட்டாலும் கையைக் காட்டிக் காட்டியாவது சொல்லிவிடுங்கள்.

அந்தத் தங்கச்சியின் கடன் என்ன ஆனது என்று கேட்பீர்கள். குழுவில் கடனை மறுக்கவில்லை. மூன்று அறைக்கும் ஒரேயடியாக வேண்டாம், சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டு ஒரு அறையில் மட்டும் சின்னதாக, கம்பி வலையோடு போடு, ஒரு சித்திரை கழியட்டும், மீதி இரண்டையும் அப்புறம் பேசலாம் என்று தீர்மானம் எழுதினார்கள். கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தார்கள். அவளுக்கு முகம் கொஞ்சம் வாடித்தான் போனது. ஆனால் கம்பி வலைக்கு விலை கேட்டு மறுநாளே போன் செய்தாள்.

அடுத்த கூட்டத்தில் பேச: உங்கள் குழுவில் எத்தனை வீட்டுக் கூரையில் ஏற்கனவே ஃபைபர் ஷீட் இருக்கிறது? அவற்றில் எத்தனைக்குக் கீழே வலை இருக்கிறது? எண்ணி நோட்டில் எழுதி வாருங்கள்.